பிற்குரல்

இருபத்து நான்கு வயது நிறைந்த மாதம் நன்மாறனுக்கு அந்த மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. உடம்பைப் பரிசோதிக்க அல்ல. சிறுவயதில் வந்த ரத்தப் புற்றுநோய் அவனை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கரூரில் பேருந்துகளுக்குக் கூண்டு கட்டும் ஒரு கம்பெனியில் இருக்கைகள் வடிவமைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு, மற்றவர்களைப் போலத்தான் இருந்தான்.

தொலைபேசியில் பேசிய பெண்ணின் பெயர் கீர்த்தனா. ஒப்புநோக்கு அதிகாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

"நீங்க சின்னப் பையனா இருந்தப்ப உங்க பிற்குரல் ஒரு பதில் சொல்லியிருக்கு சார். அதே கேள்விய இப்ப உங்ககிட்ட நேர்ல கேக்கணும். ரெண்டு பதிலும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

"ஒண்ணா இல்லேன்னா?"

"இதுவரைக்கும் அப்படி யாரும் சொல்லலீங்க சார்."

அம்மா மோனிஷா தானும் வருவதாகச் சொன்னாள். என்னைத்தானே கூப்பிட்டார்கள் என்று மாறன் சொல்லிப் பார்த்தான். "அந்த எடத்துக்கு உன்ன நான் தனியா அனுப்புனதே இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் புடவை மாற்றப் போய்விட்டாள்.

திருச்சிக்குப் போகும் பேருந்தில் ஓட்டுநர் இல்லை. அந்த இருக்கையும் இல்லை. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. குளித்தலை தாண்டியதும் காவிரி தெரிந்தது, கரை நெடுக வாழைத் தோட்டங்கள். மோனிஷா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இதே ரோட்டுலதான் உன்ன மடியில போட்டுக்கிட்டு வருவேன். அப்ப டிரைவர் இருப்பாரு. நீ வாந்தி எடுக்கற மாதிரி இருந்தா நான் கண்ணக் காட்டினா போதும், ஓரமா நிறுத்திடுவாரு. ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க."

"எனக்கு வாந்தியெல்லாம் ஞாபகம் இல்லம்மா. குச்சி ஐஸ்தான் ஞாபகம் இருக்கு."

அவள் சிரித்தாள். நரம்பில் சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்து ஏறும் நாட்களில் வாய் வெந்துபோகாமலிருக்கக் குச்சி ஐஸ் சப்பிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். உலகத்தில் டாக்டரே ஐஸ் தின்னச் சொல்லும் ஒரே இடம் அது. பார்க்க வரும் அண்ணன் தம்பிகள் பொறாமையில் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

"அம்மா, அந்தப் பிற்குரல் விஷயம் எனக்குச் சரியா சொன்னதே இல்லியே நீ. என்னதான் கேட்டாங்க?"

மோனிஷா சன்னலிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு எல்லாம் ஞாபகமிருந்தது.

மாறனுக்கு எட்டு வயது. முதல் மருத்துவம் பலித்து, பிறகு நோய் திரும்பி வந்திருந்தது. அப்பா அப்போது கத்தாரில் வேலையில் இருந்தார். "நீ அங்க இருக்க, உனக்குத்தான் தெரியும். நீ பாத்து செய்" என்பதுதான் அவரால் சொல்ல முடிந்தது. வழக்கமான மருந்துகள் இனிக் கேட்காது என்றார் டாக்டர் ருக்மாங்கதன். புதிதாக ஒரு மருத்துவம் சோதனையில் இருந்தது. பிள்ளையின் ரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களை எடுத்து, அவற்றுக்கு எதிரியை அடையாளம் காட்டிப் பழக்கி, மறுபடி உடம்பில் ஏற்றுவது. ஏற்றிய வாரத்தில் கடும் காய்ச்சல் வரும். அதைத் தாண்டினால் பிழைக்கலாம். தாண்டாத பிள்ளைகளும் உண்டு.

"சேத்துடுங்க டாக்டர். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் மோனிஷா.

"உங்க கையெழுத்து மட்டும் பத்தாதும்மா. எட்டு வயசுப் புள்ளைக்கு இதெல்லாம் புரியாது. உங்களுக்குப் புரியும், ஆனா பயத்துல எதக் காட்டினாலும் தலையாட்டிடுவீங்க. அதனால மூணாவதா ஒருத்தரையும் கேக்கணும்னு சட்டம் வந்திருக்கு."

"யாரக் கேக்கணும்?"

"மாறனத்தான். வளந்த மாறன."

அவள் விழித்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார்.

"அவன் பேசறது, விளையாடறது, கோவப்படறது, நீங்க அவன வளக்கற விதம், ரத்தத்துல வந்த சங்கதி, எல்லாத்தையும் வெச்சு, இருவத்து நாலு வயசுல அவன் எப்படி யோசிப்பான்னு மிஷின் ஒரு கணக்குப் போடும். அது பேசும். 'உன்ன சின்ன வயசுல இந்தச் சோதனையில சேத்தாங்க, உனக்குச் சம்மதமா'ன்னு கேப்போம். சரின்னு சொன்னாதான் சேப்போம்."

அந்த அறையில் முதல்முறையாகக் குரல் பேசியபோது மோனிஷா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகனுக்கு மீசை அரும்பி அவள் பார்ப்பாளா என்பதே சந்தேகமாக இருந்த நாளில், தொண்டை உடைந்து கனத்த குரலில் அவன் 'அம்மா' என்றான். பாதி அவன் தாய்மாமன் குரல் போலிருந்தது. சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு, அது மட்டும் வார்டில் படுத்திருந்தவனுடையது.

"என்ன சொன்னேன்?" என்று மாறன் கேட்டான்.

"சரின்னு சொன்ன. 'நான்தான் நல்லா இருக்கேனேம்மா, சேத்துடுங்க'ன்னு சொன்ன."

அவள் மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து முக்கொம்பு பக்கம் வந்திருந்தது.

மருத்துவமனை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. குழந்தைகள் வார்டு வேறு கட்டடத்துக்குப் போய்விட, பழைய நடைக்கூடத்தைக் காத்திருப்புக் கூடமாக்கியிருந்தார்கள். தரை மட்டும் அதே தரை, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது. மாறன் அதில் கால் வைத்ததும் நின்றுவிட்டான்.

"இங்கதானம்மா ஓட்டம் விடுவோம்."

மருந்துப் பை தொங்கும் சக்கரக் கம்பி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் வைத்துக் காளையாக்கியவள் வார்டில் அவன் வயதுக்காரியான ஜோவிட்டா. மணப்பாறைக்காரி, அவர்கள் ஊரில் மாடு அவிழ்ப்பதைப் பார்த்து வளர்ந்தவள். குளியலறைக் கதவுதான் வாடிவாசல். அங்கிருந்து அவரவர் காளையைப் பிடித்துக்கொண்டு, கையில் குத்திய ஊசி இழுபடாமல், நர்ஸ் ஜெசிந்தாவின் மேசை வரை ஓட வேண்டும். ஜோவியின் காளை கொம்பன். மாறனுடையது செவலை, ஒரு சக்கரம் ஆடும். மொட்டைத் தலைகளும் பச்சை உடுப்புமாகப் பிள்ளைகள் ஓடிவர, ஜெசிந்தா மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று கத்துவாள். ஜெயித்தவர்களுக்கு நார்த்தங்காய்த் துண்டு கொடுப்பதும் அவள்தான். மருந்தால் வாயெல்லாம் இரும்பு ருசி அடிக்கும்போது அந்த ஊறுகாய் ஒன்றுதான் நாக்கில் உறைக்கும்.

மாறன் அந்த நாட்களை யாரிடமும் சொன்னதில்லை. புற்றுநோய் வார்டில் சந்தோஷமாக இருந்தேன் என்றால் கேட்பவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஆனால் உண்மை அதுதான். அவ்வளவு நண்பர்கள் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஜோவி அவனுக்குச் சில வாரங்கள் முன்னால் சோதனையில் சேர்ந்தாள். காய்ச்சல் வாரத்தை அவள் தாண்டவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவனிடம் சொன்னார்கள். அவன் அதை வெகுநாள் நம்பினான். சொல்லிக்கொள்ளாமல் போனாளே என்று கோபமாகக்கூட இருந்தான்.

கூடத்தின் மறுகோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். நரைத்த தாடி. மோனிஷாவுக்குத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது.

"சகாயம் அண்ணே?"

"ஆமா தங்கச்சி. இது யாரு, மாறனா?" சகாயராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். தொடலாமா என்று யோசித்துவிட்டுத் தோளைத் தொட்டார். ஜோவியின் அப்பா. மணப்பாறையில் மின்சார வண்டிகள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். "இருவத்து நாலு ஆச்சுல்ல? ஆகியிருக்கணும். எனக்குத் தெரியும். அவளுக்கும் இந்த மாசம்தானே."

அவர் ஏன் இங்கே வந்திருக்கிறார் என்று மாறனுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்டுக்கொண்டால் பிற்குரலை அழிக்காமல் வைத்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை வந்து பேசலாம். அவர் ஓர் ஆண்டும் தவறவிட்டதில்லை. ஆனால் கணக்கு இருபத்து நான்கு வயதுக்குத்தான் போட்டது. அந்த வயது வந்ததும் குரலை மூடிவிட வேண்டும் என்பது சட்டம்.

"இன்னைக்குத்தான் மூடறாங்க. வீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து மூடச் சொல்லணும். அவ அம்மா வரமாட்டேன்னுட்டா. ஆரம்பத்துலேர்ந்தே அவளுக்கு இது புடிக்கல. செத்த புள்ளையப் பேச வெக்கறீங்களேன்னு அழுவா."

"நீங்க என்ன மாமா பேசுவீங்க?"

"ஒண்ணும் பெருசா இல்லப்பா. கடை எப்படி ஓடுது, மழை வந்துச்சா, அதான். அவளுக்கு நடந்தது தெரியாது. பொழச்சு வளந்துட்டதாத்தான் நெனப்பு. அப்படித்தானே செஞ்சிருக்காங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வருஷா வருஷம் வருவேன். கேக்காமயே போயிடுவேன்."

"என்னது?"

"அன்னைக்கு அவ சரின்னு சொன்னா. பொழச்சதா நெனச்சுக்கிட்டுச் சொன்னா. 'பொழைக்க மாட்டேன்னு தெரிஞ்சா அப்பவும் சரின்னு சொல்லுவியாம்மா'ன்னு கேக்கணும். அத அதுகிட்ட கேக்கக் கூடாதுன்னு விதி. இருந்தாலும் இன்னைக்குத்தான் கடைசி." அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கேளுப்பா. எங்கிட்ட அவ உண்மையச் சொல்ல மாட்டா. எங்கிட்ட அவ எதுக்குமே வேணாம்னு சொன்னதில்ல. ஊசின்னாலும் கைய நீட்டுவா, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே."

மாறன் அம்மாவைப் பார்த்தான். மோனிஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாறன் சகாயராஜுடன் உள்ளே போனான். அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசைமேல் கைக்கு அடக்கமான ஒலிபெருக்கி. முகம் கிடையாது. தொடக்கத்தில் முகமும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெற்றவர்கள் எழுந்து போக மறுத்ததால் எடுத்துவிட்டார்களாம்.

"ஜோவி, யாரு வந்திருக்கா சொல்லு பாப்போம்," என்றார் சகாயராஜ். கூடத்தில் பேசியவர் வேறு ஆள் போலிருந்தது. குரலில் அத்தனை உற்சாகம்.

"பேசச் சொல்லுங்கப்பா. பேசினா சொல்லிடுவேன்."

வளர்ந்த பெண்ணின் குரல். ஆனால் வேகம் அதே வேகம், ஒரு வார்த்தை முடியுமுன் அடுத்தது முட்டிக்கொண்டு வரும்.

"கொம்பன் நல்லா இருக்கானா?" என்றான் மாறன்.

ஒலிபெருக்கியிலிருந்து சிரிப்பு கேட்டது.

"டேய், மாறா. செவலை வெச்சிருந்தவனே. உன் குரல் என்னடா இப்படி ஆயிடுச்சு?"

"உன் குரல் மட்டும் என்னவாம்?"

"ஒரு தடவகூட நீ ஜெயிச்சதில்ல, ஞாபகம் இருக்கா?"

"நீ மூலையில குறுக்க வருவ. ஜெசிந்தா சிஸ்டர் பாத்தும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"குறுக்க வர்றதும் ஆட்டம்தான்டா. உன் காளைக்குச் சக்கரம் ஆடும், அத மாத்தித் தரச் சொல்லிக் கேக்கவே மாட்ட. எல்லாத்தையும் வாய மூடிக்கிட்டு வெச்சுக்குவ. இப்பவாவது கேக்கறியா?"

"இப்பக் கேக்கறேன்."

"என்ன வேல பண்ற?"

"பஸ்ஸுக்கு சீட்டு செய்யறேன். நீ?"

"அத மட்டும் கேக்காத. எனக்கே ஒண்ணும் தெளிவா சொல்ல வரல," என்று அவள் சிரித்தாள். அந்த இடத்தில் கணக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது. குணமும் பழைய ஞாபகமும் இருந்தன. வாழாத வருஷங்களை இட்டுக்கட்ட அதற்கு அனுமதி இல்லை.

சகாயராஜ் கண்ணால் ஜாடை காட்டினார். கேள்.

மாறன் முன்னால் குனிந்தான். "ஜோவி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்." பிறகு அவள் குரல் தணிந்தது. "இரு. அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"எப்படி இருக்காரு? என்கிட்ட பேசும்போது எப்பவும் நல்லாத்தான் பேசுவாரு. நேர்ல பாக்க எப்படி இருக்காரு, சொல்லு."

மாறன் திரும்பிப் பார்த்தான். சகாயராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்து, காதை மட்டும் முன்னால் நீட்டி, வயசாகிப்போன மனிதராக உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்காரு. தாடி வெச்சிருக்காரு."

"தாடியா? அவருக்கு நல்லாவே இருக்காதே. சரி, என்ன கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல. நீ குறுக்க வந்தத ஒத்துக்கறியான்னு கேக்கத்தான்."

"ஒத்துக்கிட்டேன் போ," என்றாள் ஜோவி.

வெளியே வந்ததும் சகாயராஜ் அவனைக் குறை சொல்லவில்லை. "பரவால்லப்பா. எனக்கும் அப்படித்தான் ஆகும்," என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் போனார்.

மோனிஷா மகனைச் சன்னல் பக்கம் அழைத்துப் போனாள்.

"கேட்டியா?"

"கேக்க முடியலம்மா."

"கேக்காததே நல்லது." சற்று நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "நான் கேட்டேன்."

"யார?"

"உன்ன."

மாறன் அவள் பக்கம் திரும்பினான்.

"ஜோவி போயி ஒரு வாரம்கூட ஆகல. அடக்கம் முடிஞ்சு சகாயம் அண்ணன் வார்டுக்கு வந்தாரு, அவ பாயி தலகாணியெல்லாம் எடுத்துட்டுப் போக. என்கிட்ட வந்து, 'நீங்க சேக்காம விட்டுடாதீங்க தங்கச்சி. எங்க புள்ளையேதானே சரின்னு சொன்னா, நம்ம கையில என்ன இருக்கு'ன்னாரு. அடுத்த நாள் உன் குரலு சரின்னு சொல்லுது. எனக்குத் திடீர்னு வெளங்குச்சு. பொழச்சவன்கிட்ட மட்டும்தானே இவங்க கேக்கறாங்க? பொழச்சவன் வேணாம்னா சொல்லுவான்? ஜோவியும் அப்படித்தானே சொன்னா?"

"அப்புறம்?"

"பெத்தவங்க தனியா பேசிக்கலாம்னு கொஞ்ச நேரம் விடுவாங்க. எல்லாரும் வெளிய போனதும் நான் கேட்டேன். 'மாறா, நீ பொழைக்கல. காய்ச்சல்லயே போயிட்ட. தெரிஞ்சிருந்தா சம்மதிப்பியா?'"

பின்னால் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். அவர்கள் கடந்து போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"ரொம்ப நேரம் சத்தமே இல்ல. மிஷினு நின்னுபோச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சொன்ன. 'அப்ப வேணாம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. மிச்சம் இருக்கற நாள் வீட்டுல இருக்கலாம்.' இதே குரல்ல, இப்ப நீ பேசறியே, இதே மாதிரி."

"நீ என்ன பண்ணின?"

"நிறுத்திட்டு வெளிய வந்து கையெழுத்துப் போட்டேன்." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "வீட்டுக்குக் கொண்டுபோனா கண்டிப்பா போயிடுவ. இங்க வெச்சா ஒருவேள இருப்ப. உனக்கு வலிக்கும்னு தெரியும். நீ வேணாம்னதும் தெரியும். இருந்தாலும் போட்டேன். உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல. காய்ச்சல் வாரம் பூரா உன் கால்மாட்டுல உக்காந்துக்கிட்டு, இவன் போயிட்டா நான் யார்கிட்ட போயி சொல்லுவேன்னு நெனச்சேன். 'அவளே சரின்னு சொன்னா'ன்னு சகாயம் அண்ணனுக்குச் சொல்லிக்கவாவது இருந்துச்சு. எனக்கு அதுவும் இல்ல."

மாறனுக்கு அந்த வாரம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருந்தது. ஈரத்துணி. மேலே சுற்றும் மின்விசிறி. எப்போது கண் திறந்தாலும் கால்மாட்டில் அம்மா. தூங்கவே மாட்டாளா என்று அப்போது யோசித்திருக்கிறான்.

அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கீர்த்தனாவின் அறையிலிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் அம்மாவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனான்.

கீர்த்தனாவுக்கு அவனைவிடச் சில வயது கூட இருக்கும். பேச்சில் கனிவு இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு திரையைப் பார்த்துப் படித்தாள்.

"எட்டு வயதில் உங்களை இந்த மருத்துவச் சோதனையில் சேர்த்ததற்கு உங்களுக்குச் சம்மதமா? ஆம் அல்லது இல்லை, ரெண்டுல ஒண்ணு போதும் சார்."

"ஒண்ணு கேக்கலாமா? பொழைக்காமப் போனா என்னன்னு அந்தக் குரல்கிட்ட கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. கேக்கவும் கூடாது. செத்துப்போன குழந்தைக்கு இருவத்து நாலு வயசு வராதே. கணக்கே நிக்காது."

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்றான் மாறன். "இல்லைன்னு போட்டுக்கங்க."

அவள் விரல் திரைக்கு முன்னால் நின்றது.

"சார், நீங்க இந்த மருத்துவத்தாலதான் இருக்கீங்க. உங்களக் காப்பாத்தினது தப்புங்கறீங்களா?"

"இல்லவே இல்ல. இருக்கறது எனக்குப் புடிச்சிருக்கு. இப்ப இருக்கற என்னக் கேட்டா ஆமான்னுதான் வாயில வரும். உயிரோட இருக்கறவன் வேற என்னங்க சொல்லுவான்? இங்க வந்து உக்கார்ற அத்தன பேரும் அதத்தான் சொல்லுவாங்க. வேற பதில் சொல்லக்கூடியவங்கள உங்களால கூப்பிட முடியாது."

"இதுவரைக்கும் எல்லாம் ஒத்துப்போயிருக்கு சார். உங்க ஒரு 'இல்லை'யால மறுபரிசீலனை வரும். இப்ப வார்டுல காத்துக்கிட்டிருக்கற புள்ளைங்களுக்கு மருந்து தள்ளிப்போகும்."

இதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். எங்கோ ஒரு கட்டிலில், இந்த நேரத்தில், ஒருவன் குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருப்பான்.

"தள்ளிப்போடாதீங்க. பெத்தவங்ககிட்ட கேளுங்க. அவங்க சொன்னா போதும்னு வையுங்க."

"அவங்க பயத்துல சரின்னுடுவாங்க. அதுக்குத்தானே இந்த ஏற்பாடே."

"பயத்துல சொல்லட்டுமே. பயந்து சொன்னாலும் அது அவங்க சொன்னதா இருக்கும்."

"எவ்வளவு பெரிய பாரத்த அவங்க தலையில வெக்கறீங்க, தெரியுதா?"

"ஏற்கெனவே அங்கதாங்க இருக்கு," என்றான் மாறன். "அந்த 'ஆமா' எங்கம்மா சொன்னது. அவங்க சொன்னதாலதான் நான் இருக்கேன். அத எடுத்து என் பேருல எழுதாதீங்க."

கீர்த்தனா அவன் சொன்னபடியே பதிவு செய்தாள். வழக்கமாகக் கடைசியில் சொல்லும் நன்றியைச் சொல்ல அவளுக்கு நினைவு வரவில்லை.

கூடத்தில் மோனிஷாவும் சகாயராஜும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வார்டில் ஒரு பொங்கலுக்குப் பிள்ளைகள் மருந்துக் கம்பிகளுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டது, மறுநாள் பெரிய டாக்டர் வந்து அதைப் பார்த்துத் திகைத்தது, ஜெசிந்தா ஒன்றும் தெரியாதவள்போல் நின்றது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார்கள்.

"என்னப்பா சொன்ன?" என்றார் சகாயராஜ்.

"இல்லைன்னு சொல்லிட்டேன் மாமா."

மோனிஷாவின் முகம் மாறியது. மாறன் அவளைப் பார்த்தே சொன்னான். "அது நீ எடுத்த முடிவும்மா. நல்ல முடிவு. நான் எடுத்ததா அவங்க எழுதி வெச்சிருந்தாங்க. அதான் மாத்தச் சொன்னேன்."

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். பதினாறு வருஷமாகத் தூக்கிவந்ததை யாரோ கூடப் பிடித்ததுபோல் தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

சகாயராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. புரிந்திருக்க வேண்டும். நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், மூடும் நேரம் ஆகிவிட்டது என்று கூப்பிட்டதும் எழுந்தார். மாறனும் கூட எழுந்தான்.

"வேணாம்ப்பா. நானே போயிட்டு வரேன்."

அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கதவைத் தானே சாத்திவிட்டு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா அண்ணே?" என்றாள் மோனிஷா.

"இல்ல தங்கச்சி. கேக்கல. சொன்னேன்." ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "'அம்மாடி, அன்னைக்கு நீ சரின்னு சொன்னதால உன்னச் சேக்கல. நீ வேணாம்னு சொல்லியிருந்தாலும் அப்பா சேத்துத்தான் இருப்பேன். அப்பாதான் முடிவு பண்ணினேன்'னு சொன்னேன்."

"என்ன சொன்னா?" என்றான் மாறன்.

"'அது எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா'ன்னா."

கூடத்தில் யாரோ ஒரு சின்னப் பிள்ளை கறுப்புக் கட்டங்களில் மட்டும் கால் வைத்துத் தாவித் தாவிப் போய்க்கொண்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. 'சாப்பிட்டீங்களாப்பா'ன்னு கேட்டா. சாப்பிட்டேன்மான்னு சொல்லி மூடிட்டேன்."

"நீங்க இன்னும் சாப்பிடலியே அண்ணே. காலையிலேர்ந்து இங்கயேதானே இருக்கீங்க."

"ஆமா," என்றார் சகாயராஜ். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "வாங்க, போயி சாப்பிட்டுடுவோம்."